பெரியவர்களின் ஆங்கிலத்தை எப்படிச் சோதிப்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

புதுச்சேரியின் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளிலும் கடலூர் சிப்காட்டிலும் ஷிப்டு முடித்துவிட்டு மாலை வகுப்புக்கு வருகிறவர்கள், கடற்கரைச் சாலைப் பக்கத்து விடுதிகளில் வரவேற்பு மேசையில் நிற்பவர்கள், வெளிநாட்டு வேலைக்கு முயலும் செவிலியர்கள் என்று நம் பகுதியில் ஆங்கிலம் படிக்கும் பெரியவர்கள் ஏராளம். சேர வரும் அன்றே பல இடங்களில் இவர்கள் கையில் ஒரு கேள்வித்தாள் கொடுக்கப்படுகிறது. 50 கேள்விகள், எல்லாம் கோடிட்ட இடம். திருத்தி, கூட்டி, 22 என்று வட்டம் போட்டு, 'பேசிக் பேட்ச்' என்று அனுப்பிவிடுகிறார்கள்.

அந்த 22 எதைச் சொல்கிறது? தமிழ்வழியில் படித்து நர்சிங் முடித்த ஒருவர் 22 வாங்கலாம். நோய், மருந்து, உடல் உறுப்புச் சொற்கள் அவருக்கு அத்துப்படி. நோயாளியின் குறிப்பேட்டைப் படித்துப் புரிந்துகொள்வார். ஆனால் ஒரு கேள்வி வாக்கியம் அமைக்கத் தடுமாறுவார். சுற்றுலாப் பயணிகளோடு பல வருடம் பழகிய ஆட்டோ ஓட்டுநரும் அதே 22 வாங்கலாம். அவர் தயங்காமல் பேசுவார். அச்சிட்ட ஒரு பத்தியைக் கொடுத்தால் இரண்டாவது வரியில் நின்றுவிடுவார். இருவரையும் ஒரே வகுப்பில் உட்காரவைத்தால் இருவருக்குமே நேரம் வீண். அதனால் இலக்கணம், சொல்வளம், வாசிப்பு மூன்றையும் தனித்தனித் தாளில் சோதிக்க வேண்டும். மூன்று மதிப்பெண்களையும் கூட்டவே கூடாது. ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட ஏ1 முதல் சி2 வரையிலான ஆறு படி அளவுகோல்கூட ஒவ்வொரு திறனையும் தனித்தனியாகத்தான் விவரிக்கிறது. வாசிப்பில் பி1, எழுத்தில் ஏ2 என்று ஒருவர் இருப்பது முற்றிலும் இயல்பு.

முதலில் இலக்கணம். ஒரு கேள்வி ஒரே ஒரு விஷயத்தைத்தான் சோதிக்க வேண்டும். வினைச்சொல்லின் காலத்தைச் சோதிக்கிறோம் என்றால், அந்த வாக்கியத்தின் மற்ற சொற்கள் எல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரிந்த எளிய சொற்களாக இருக்க வேண்டும். கடினமான ஒரு சொல்லை உள்ளே வைத்துவிட்டால், தவறு இலக்கணத்தில் வந்ததா, சொல் தெரியாததால் வந்ததா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

தவறான விடைகளை மனம்போன போக்கில் போடக் கூடாது. நம் மக்கள் உண்மையில் செய்யும் பிழையிலிருந்துதான் அவற்றை எடுக்க வேண்டும். 2015-லிருந்து அவர் நெய்வேலியில் இருக்கிறார் என்பதை நம்மவர்கள் 'ஷி இஸ் லிவிங் இன் நெய்வேலி சின்ஸ் 2015' என்று எழுதுவார்கள். தமிழில் நிகழ்காலம் போட்டால் போதும் என்பதால் வரும் பிழை இது. எனவே விடைகளில் 'இஸ் லிவிங்' கட்டாயம் இருக்க வேண்டும். 'லிவ்ஸ்', 'லிவ்ட்' இரண்டும் இருக்கலாம். சரியான விடை 'ஹாஸ் லிவ்ட்'. அதோடு 'ஹாஸ் பீன் லிவிங்' என்பதையும் சேர்த்துவிட்டால் கேள்வியே கெட்டுவிடும், ஏனென்றால் அதுவும் சரி. பெரும்பாலான உள்ளூர்த் தாள்களில் நடக்கும் குளறுபடி இதுதான்: ஒரே கேள்விக்கு இரண்டு சரியான விடைகள். 'ஐ டேஷ் மை பிரேக்ஃபாஸ்ட்' என்று மொட்டையாகக் கொடுத்து 'ஹேட்', 'ஹாவ் ஹேட்' இரண்டையும் வைத்தால் நன்றாகத் தெரிந்தவர்தான் குழம்புவார். கடைசியில் 'யெஸ்டர்டே' என்று ஒரு சொல் சேருங்கள், கேள்வி நிமிர்ந்துவிடும்.

நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது மட்டும் போதாது. சொந்தமாக எழுதவும் வைக்க வேண்டும். விடையைக் கொடுத்து, கேள்வியை எழுதச் சொல்லுங்கள். 'தி பஸ் லீவ்ஸ் அட் சிக்ஸ்' என்பது விடை. 'வென்' என்று தொடங்கிக் கேள்வியை அவர் எழுத வேண்டும். இந்த ஒரு கேள்வியில் மூன்று விதமான ஆட்களைப் பார்க்கலாம். 'வென் தி பஸ் லீவ்ஸ்?' என்று எழுதுகிறவருக்கு 'டஸ்' தேவை என்பதே தெரியவில்லை. 'வென் டஸ் தி பஸ் லீவ்ஸ்?' என்று எழுதுகிறவர் பாதி தூரம் வந்துவிட்டார். 'டஸ்' வந்த பிறகு வினையின் 'ஸ்' போய்விட வேண்டும் என்பதுதான் பாக்கி. 'வென் டஸ் தி பஸ் லீவ்?' என்பது சரி. மதிப்பெண் 0, 1, 2. முதலாமவருக்கு இரண்டு வார வேலை இருக்கிறது. இரண்டாமவருக்கு ஒரு மணி நேரம் போதும். சரி, தவறு என்று மட்டும் திருத்தினால் இருவருக்கும் பூஜ்யம் விழும், இந்த வித்தியாசம் மண்ணோடு போகும். மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் என்ன பிழை என்று ஒரு சுருக்கக் குறியும் போட்டுவையுங்கள். பாடத் திட்டம் போட உட்காரும்போது அந்தக் குறிகள்தான் உதவும்.

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது மொழித் தேர்வில் செல்லாது. நான்கு விடைகள் உள்ள கேள்வியில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் நான்கில் ஒரு வாய்ப்பு சரியாகும். அதே இலக்கணக் கூறைச் சோதிக்க மூன்று கேள்விகள், தாளின் மூன்று வெவ்வேறு இடங்களில் இருந்தால், மூன்றும் குருட்டாம்போக்கில் சரியாக வருவதற்கான வாய்ப்பு 64-இல் ஒன்றுதான். ஆகவே பத்துக் கூறுகளை எடுத்து, கூறுக்கு மூன்று கேள்வி வையுங்கள். ஒரே தாளில் முப்பது கூறுகளைத் தொட ஆசைப்படாதீர்கள்.

சொல்வளத்துக்கு வருவோம். இங்கே அடிப்படை, சொல்லின் புழக்கம். ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் முதல் ஆயிரம் சொற்கள், அடுத்த ஆயிரம் என்று பட்டியல்கள் இருக்கின்றன. நியூசிலாந்தின் பால் நேஷன் 1983-இல் அமைத்த சொல் நிலைத் தேர்வு இந்தப் படிகளை வைத்துத்தான் இயங்குகிறது. ஆறு சொற்கள், எதிரே மூன்று பொருள்கள். பொருந்துவதைக் குறிக்க வேண்டும். மூன்று சொற்கள் மிச்சமாக இருப்பதால் கழித்துக் கழித்து ஊகிப்பது கடினம். நீங்களே தயாரிப்பதென்றால், ஆயிரம் சொல் பட்டியலில் நூற்றுக்கு ஒன்றாகப் பத்துச் சொற்களை எடுங்கள். அவருக்கு ஏழு தெரிந்தால் அந்த ஆயிரத்தில் தோராயமாக 700 தெரியும். பத்துச் சொல் சின்ன மாதிரிதான். முடிந்தால் இருபது, முப்பது ஆக்குங்கள்.

தொடக்க நிலையில் இருப்பவர்களுக்குப் பொருளைத் தமிழிலேயே கொடுங்கள். ஆங்கிலத்தில் விளக்கம் கொடுத்தால், அந்த விளக்கத்தைப் படிக்கத் தெரிகிறதா என்ற இன்னொரு தேர்வு உள்ளே புகுந்துவிடுகிறது.

நம் ஊருக்கென்று சில பொறிகள் உண்டு. பஸ், டிக்கெட், பில், ஆபீஸ், டாக்டர் எல்லாம் ஆங்கிலம் படிக்காதவர்களுக்கும் தெரியும். இவை பட்டியலில் விழுந்தால் மதிப்பெண் வீங்கிவிடும். ஆகவே தமிழில் புழங்கும் சொற்களை நீக்கிவிட்டு அடுத்த சொல்லை எடுக்க வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களிடம் வேறொரு சிக்கல் வரும். 'லைப்ரரி' என்றால் புத்தகக் கடை என்றும், 'ஆக்சுவலி' என்றால் 'தற்போது' என்றும் குறிப்பார்கள். அவர்கள் அறியாமையால் அப்படிச் செய்வதில்லை, பிரெஞ்சு இழுக்கிறது. தாளைத் திருத்துகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

நேரம் குறைவாக இருந்தால் 'ஆம், இல்லை' பட்டியல் நல்ல வழி. அறுபது சொற்கள், நாற்பது உண்மையானவை, இருபது ஆங்கிலம் போலத் தோன்றும் கற்பனைச் சொற்கள். தெரிந்ததற்கு டிக் போட வேண்டும். உண்மைச் சொற்களில் 30-க்கு டிக் போட்டால் 75 சதவீதம். கற்பனைச் சொற்களில் நான்குக்குப் போட்டால் 20 சதவீதம். கழித்தால் 55, அதுதான் நம்பத்தக்க அளவு. கற்பனைச் சொற்கள் இருக்கின்றன என்பதை முன்கூட்டியே தமிழில் சொல்லிவிடுங்கள். பெரியவர்களை ஏமாற்றுவது போன்ற தேர்வு எதுவும் நிற்காது. அடுத்த வாரம் அவர்கள் வகுப்புக்கே வர மாட்டார்கள்.

வாசிப்புதான் மூன்றிலும் கடினமானது; மிக அலட்சியமாக நடத்தப்படுவதும் அதுவே. சத்தமாகப் படிக்கச் சொல்லி 'நல்லா படிக்கிறார்' என்று முடித்துவிடுகிறார்கள். எழுத்துக்கூட்டிச் சரளமாக வாசித்துவிட்டு, என்ன படித்தோம் என்று சொல்லத் தெரியாதவர்கள் நிறைய. மறுபக்கம், பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்கு எழுத்தே தடையாக இருக்கலாம். அதனால் முதலில் பத்துத் தனிச் சொற்களை வாசிக்கச் சொல்லி எழுத்து பிடிபடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிட வேலை. அதற்குப் பிறகு மௌன வாசிப்பு.

100 சொற்கள் கொண்ட பத்தியைக் கொடுத்து, தெரியாத சொற்களை அடிக்கோடிடச் சொல்லுங்கள். துணையில்லாமல் சிரமமின்றிப் புரிந்துகொள்ள நூற்றுக்கு 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் பரவலாகச் சொல்லும் அளவு. ஐந்துக்கு மேல் அடிக்கோடு விழுந்தால் அந்தப் பத்தி அவருக்கு ஏற்றதல்ல. அதை வைத்து வாசிப்பை அளக்க முடியாது, சொல்வளத்தைத்தான் மறுபடி அளப்பீர்கள்.

பத்தியைத் தேர்ந்தெடுக்கும்போது உள்ளூர் விஷயம் என்று புதுச்சேரி விடுதலையை எடுத்துவிடுகிறார்கள். 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது, 1962-இல் சட்டப்படி இணைந்தது என்பதெல்லாம் இங்கே பலருக்குத் தெரியும். பத்தியைப் படிக்காமலே விடை எழுதிவிடுவார்கள். சரிபார்க்க எளிய வழி இருக்கிறது: பத்தியை மறைத்துவிட்டு, கேள்விகளை மட்டும் நாலைந்து பேரிடம் கொடுங்கள். ஊகத்தால் வரக்கூடியதைவிட அதிகம் சரியாக வந்தால் அந்தக் கேள்விகளைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

வேலைக்கு உதவும் எழுத்துகளை எடுங்கள்: விடுதி அறிவிப்பு, மருந்துச் சீட்டு, ஆலைப் பாதுகாப்புக் குறிப்பு. விடுதி அறிவிப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். காலை 11 மணிக்குப் பிறகு அறையைக் காலி செய்தால் அரை நாள் வாடகை. பைகளை மாலை 6 மணி வரை வரவேற்பு மேசையில் விட்டுவைக்கலாம். இதை ஆங்கிலத்தில் கொடுத்துவிட்டு, 'செக் அவுட்' எத்தனை மணிக்கு என்று அதே சொல்லைப் போட்டுக் கேட்டால், அவர் அந்தச் சொல்லைத் தேடிப் பக்கத்து எண்ணை எழுதிவிடுவார். புரிந்ததா என்பது தெரியாது. இப்படிக் கேளுங்கள்: ரவி பத்தரை மணிக்கு அறையைக் காலி செய்கிறார், நான்கு மணி வரை ஊர் சுற்ற விரும்புகிறார், கூடுதல் பணம் கட்ட வேண்டுமா, பையை என்ன செய்வார்? இதற்கு இரண்டு வரிகளையும் புரிந்து சேர்த்தாக வேண்டும்.

தொடக்க நிலைக்கு இந்தக் கேள்வியைத் தமிழிலேயே கேட்கலாம், விடையும் தமிழில் வரட்டும். இதைச் சிலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் நாம் அளப்பது வாசிப்பை. விடையை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் எழுத்துத் திறன் குறுக்கே வந்து நிற்கும். அதே காரணத்தால், ஆங்கிலத்தில் விடை எழுதினாலும் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது. சரியா தவறா என்ற வகைக் கேள்வி வைத்தால் பாதிக்குப் பாதி ஊகம். எந்த வரியைப் பார்த்து அப்படிச் சொல்கிறார் என்று பத்தியில் கோடு போடச் சொன்னால் ஊகம் அடங்கிவிடும்.

மூன்றையும் கலந்து வேகமாக ஒரு மதிப்பீடு வேண்டுமென்றால், வில்சன் டெய்லர் 1953-இல் முன்வைத்த குளோஸ் முறை இருக்கிறது. ஒரு பத்தியின் முதல் வாக்கியத்தை முழுதாக விட்டுவிட்டு, அடுத்து ஒவ்வொரு ஏழாவது சொல்லையும் எடுத்துவிட வேண்டும்; அந்த இடங்களை எழுதுகிறவர் நிரப்ப வேண்டும். பெயரும் எண்ணும் மாட்டினால் அடுத்த சொல்லை எடுங்கள். எங்கே பலவீனம் என்பதை இது காட்டாது என்பதால் மூன்று தாள்களுக்கு மாற்றாக நான் இதைச் சொல்ல மாட்டேன்.

இனி, தாளையே சோதிக்கும் வேலை. முப்பது பேர் எழுதிய பிறகு, அந்தத் தாளின் மதிப்பெண் வரிசையில் மேலே உள்ள பத்துப் பேரையும் கீழே உள்ள பத்துப் பேரையும் பிரியுங்கள். ஒரு கேள்விக்கு மேல்குழுவில் எட்டுப் பேர், கீழ்க்குழுவில் மூன்று பேர் சரி என்றால், வித்தியாசம் ஐந்து. பத்தால் வகுத்தால் 0.5. நல்ல கேள்வி. 0.2-க்குக் கீழே போனால் திருத்த வேண்டும். மேல்குழுவில் நான்கு, கீழ்க்குழுவில் ஐந்து என்று தலைகீழாக வந்தால், முதலில் விடைக்குறிப்பைப் பாருங்கள். அதிலேயே பிழை இருக்கக்கூடும், இல்லையென்றால் கேள்விக்கு இரண்டு விடைகள் இருக்கும். யாருமே தொடாத தவறான விடை இருந்தால் அது செத்த விடை, மாற்றிவிடுங்கள். மூன்று விடைகளே போதும். நான்காவதை வலிந்து தேடுவதில்தான் பாதிப் பிழைகள் வருகின்றன.

பெரியவர்களுக்கு உடம்பும் ஒரு காரணம். நாற்பதைத் தாண்டிய பலருக்குச் சிறிய எழுத்து தெரியாது. 14 புள்ளி அளவில், மங்காத பிரதியாகக் கொடுங்கள். கண்ணாடி கொண்டுவரச் சொல்லி முதல் நாளே சொல்லிவிடுங்கள். இரவு ஷிப்டு முடித்து வந்த அன்று தேர்வு வேண்டாம். குறிப்புகள் தமிழில் இருக்கட்டும். ஒவ்வொரு பகுதிக்கும் செய்துகாட்டிய ஒரு மாதிரிக் கேள்வி அவசியம். இலக்கணத்துக்கு 20 நிமிடம், சொல்லுக்கு 15, ஒரு டீ இடைவெளி, வாசிப்புக்கு 25.

முடிவைச் சொல்லும்போது எண்ணை மட்டும் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். தாளை விரித்து வைத்து, 'உங்களுக்குச் சொல் நிறைய இருக்கிறது, கேள்வி வாக்கியத்தில் 'டஸ்' மட்டும் பழக வேண்டும்' என்று அவரிடமே காட்டுங்கள். ஐந்து நிமிடம் ஆகும். பத்து வாரம் கழித்து மறுபடி சோதிக்கும்போது அதே தாளைத் தரக் கூடாது. அதே கூறுகளை வேறு வாக்கியங்களில் வைத்த இரண்டாம் தாளை இப்போதே தயாரித்துப் பூட்டிவையுங்கள்.

நன்றி. வணக்கம்.