பனம்பழத்து ஈயில் ஆணும் பெண்ணும்

நேயர்களுக்கு வணக்கம். ஆவணி மாதம் உச்சிப்புளி, பனைக்குளம் பக்கம் பனங்காட்டுக்குள் போனால், விழுந்து வெடித்த பனம்பழத்தை எள்ளளவு ஈக்கள் மொய்த்துக் கிடக்கும். டிரோசோபிலா என்ற ஈ இப்படி நொதித்த பழம் தேடி வருவதுதான். மாங்காயைத் துளைத்து முட்டை வைக்கிற ஈ வேறு. விவசாயிகள் பழ ஈ என்பது அதைத்தான். நான் பேசப்போவது இந்தச் சின்ன ஈயைப் பற்றி.

ஆண் எது, பெண் எது என்று பார்க்கக் கைலென்ஸ் போதும். ஈ உள்ள குப்பியை நன்றாக மூடி, மீன் பெட்டிக்குப் போடும் ஐஸில் சில நிமிஷம் வைத்தால் அசையாமல் கிடக்கும். உள்ளே தண்ணீர் இறங்கினால் இறக்கை ஒட்டிக்கொள்ளும், கவனம். பெண் உருவில் பெரிது, வயிற்று நுனி கூர். ஆணுக்கு வயிற்றின் கடைசிப் பகுதி முழுக்கக் கறுப்பு. முன்னங்காலில் பத்துப் பன்னிரண்டு கறுத்த முட்கள், சீப்புப் பல் மாதிரி வரிசையாக.

அந்தச் சீப்புக்கான மரபணு ஆணிடம் மட்டும் இருக்கிறதா? இல்லை, பெண்ணிடமும் இருக்கிறது. நமக்கு ஒய் குரோமோசோம் ஆணாக்குகிறது. இந்த ஈக்கு எக்ஸ் ஒன்றா இரண்டா என்பதே கணக்கு. ஒய் இல்லாமல் ஒரே எக்ஸோடு பிறந்தாலும் ஆண்தான், மலடாக இருக்கும், அவ்வளவே.

இரண்டு எக்ஸ் இருந்தால் கருவிலேயே செக்ஸ் லீத்தல் என்ற மரபணு விழிக்கும். மரபணுவிலிருந்து படியெடுத்த ஆர்என்ஏ அப்படியே பயன்படாது. நடுவில் வேண்டாத துண்டுகளை வெட்டி, மீதியை ஒட்ட வேண்டும். செக்ஸ் லீத்தல் புரதம் அந்த வெட்டையே மாற்றுகிறது. தன் ஆர்என்ஏவில் 'இத்தோடு நிறுத்து' என்ற குறி உள்ள துண்டை நீக்கித் தன்னைத் தானே தொடர வைக்கிறது. ஆணில் அந்தத் துண்டு உள்ளேயே இருப்பதால் முழுப் புரதம் வராது. அடுத்த மரபணுவான டிரான்ஸ்ஃபார்மரின் வெட்டையும் அது மாற்றுகிறது. டிரான்ஸ்ஃபார்மர் புரதம் அதற்கடுத்த டபுள்செக்ஸின் வெட்டை மாற்றுகிறது. டபுள்செக்ஸ் ஒரே மரபணுதான். வெட்டு மாறுவதால் ஆணுக்கு ஒரு புரதம், பெண்ணுக்கு வேறொன்று. வயிற்றுக் கறுப்பும், முட்டைக்கான மஞ்சள்கருப் புரதமும் இதன் கையில்தான்.

இன்னொரு சிக்கல். ஆணுக்கு எக்ஸ் ஒன்றே என்பதால் அதிலிருந்து வரும் சரக்கு பாதியாகிவிடக் கூடாது. எம்எஸ்எல் என்ற புரதக் கூட்டம் ஆணின் எக்ஸ் மேல் போய் உட்கார்ந்து, வேலையைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்குகிறது. 1965இல் முகர்ஜி, பீர்மன் என்ற ஆய்வாளர்கள் ஈப்புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியின் குரோமோசோம்களை வைத்து, ஆணின் ஒற்றை எக்ஸ் இப்படிக் கூடுதலாக உழைப்பதைக் காட்டினார்கள். எம்எஸ்எல் பழுதானால் ஆண் புழுப் பருவ முடிவிலோ கூட்டுப்புழுவாகும்போதோ சாகும். பெண்ணில் எம்எஸ்எல் கூடாமல் தடுப்பது செக்ஸ் லீத்தல்தான். அது பழுதானால் பெண்ணின் இரண்டு எக்ஸும் முடுக்கப்பட்டு, பெண் சாகும். லீத்தல் என்றால் கொல்வது. இப்படி ஒரு பாலை மட்டும் கொல்வதிலிருந்து வந்ததுதான் மரபணுவின் பெயரே.

ஆணிலும் பெண்ணிலும் மரபணு வேலையை ஆய்வுக்கூடத்தில் அளக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. முழு ஈயை அரைத்து ஆணையும் பெண்ணையும் ஒப்பிடாதீர்கள். பெண்ணின் வயிற்றில் பெரும்பகுதி சூலகம். வித்தியாசம் மலைபோல் தெரியும், ஆனால் அதில் பெரும்பங்கு உறுப்பு வித்தியாசம், மரபணுவை முடுக்கும், அடக்கும் முறையின் வித்தியாசம் அல்ல. தலையைத் தனியே, சூலகத்தைத் தனியே எடுங்கள். இணைசேர்ந்த பெண்ணில் மரபணு வேலை மாறிவிடுவதால், 25 டிகிரியில் கூட்டுப்புழுவிலிருந்து வந்த எட்டு மணி நேரத்துக்குள் பெண்களைப் பிரித்துவிட வேண்டும். அப்போது ஆணும் வெளிறியே இருக்கும், நிறத்தை நம்பினால் ஏமாறுவீர்கள். காலில் சீப்பைப் பாருங்கள்.

ஈ வளர்க்கும் அறையின் வெப்பம் 30 டிகிரியை ஒட்டிப் போனால் ஆண் மலடாகும். நம் கரையில் சித்திரை, வைகாசியில் குளிர்சாதனம் இல்லாத அறையில் அடுத்த தலைமுறை வராமல் போவது இதனால்தான். அந்த வசதி இல்லாதவர்கள் மார்கழி, தையில் தொடங்குங்கள்.