பாம்பு கடித்தால் முதலில் யாரிடம்? வன்னியில் பார்வையும் ஆசுபத்திரியும்

(காட்சி: ஏ9 வீதி, மாங்குளம் பக்கம். வயல் வரம்பில் மண்வெட்டியோடு வெறுங்காலில் நடக்கும் ஒருவர்.)

வணக்கம். "பாம்பு கடிச்சா ஆசுபத்திரிக்கு ஓடாதேங்கோ. அங்க ஊசியைப் போட்டுக் கெடுத்துப் போடுவினம். முதல்ல பரியாரியார் பார்வை பார்க்கட்டும்." இலங்கையின் வடக்கே வன்னியில் வயலோடும் காட்டோடும் வாழ்கிற எந்தக் குடும்பத்துக்கும் இந்தப் பேச்சு புதிதல்ல. பரியாரியார் என்றால் ஊர் நாட்டு வைத்தியர்; பார்வை பார்ப்பது என்றால் மந்திரம் ஓதி விஷம் இறக்குவது. இதைச் சொல்பவர்களை மூடநம்பிக்கைக்காரர் என்று ஏசிவிட்டுப் போவது சுலபம். ஏசினால் அடுத்த முறையும் அவர்கள் பரியாரியாரிடம்தான் போவார்கள். அதனால் இந்தச் சந்தேகம் எங்கே பிறந்தது, அதில் எது நியாயம், எது உயிரை எடுக்கிறது என்று பொறுமையாகப் பார்ப்போம்.

முதலில் நியாயம். 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையால் மருந்தும் எரிபொருளும் வன்னிக்குள் வருவது பெரும்பாடாக இருந்தது. ஆசுபத்திரிக்குப் போக வண்டி இல்லை. போனாலும் மருந்து இருக்குமா என்று தெரியாது. பரியாரியார் சைக்கிள் தூரத்தில் இருந்தார். நடுச்சாமத்தில் தட்டினாலும் எழும்பி வந்தார். காசு வாங்கினால் மருந்து பலிக்காது என்று நம்பியவர்கள் அவர்கள். வெற்றிலை பாக்கோடு சரி. 2009 இன் முதல் மாதங்களில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலையே எறிகணை வீச்சுக்கு உள்ளானது. வைத்தியசாலைக் கட்டடத்தைப் பார்த்தால் நெஞ்சு படபடக்கிறவர்கள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். போருக்குப் பிறகு மருத்துவர்கள் வந்தார்கள். ஆனால் தமிழ் பேசத் தெரியாத மருத்துவருக்கு முன்னால் வருத்தத்தைச் சொல்லத் தெரியாமல் நின்ற தாய்மாரும் இருந்தார்கள். இத்தனையும் பட்ட ஒரு சமூகம் வெள்ளைச் சட்டையைக் கண்டதும் நம்பிவிட வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

(காட்சி: நாகதம்பிரான் கோவில் வாசல், பாற்செம்பு, வேப்பிலை.)

பரியாரியாரிடம் என்ன நடக்கிறது? செய்தி கொண்டு வந்தவர் எந்தத் திசையில் நின்றார், முதலில் என்ன சொல் சொன்னார் என்று கேட்பார். இதைத் தூதுக்குறி என்பார்கள். பிறகு வேப்பிலையால் தடவி மந்திரம் சொல்வார், விபூதி போடுவார், தண்ணீர் ஓதிக் கொடுப்பார். சிலர் கடிவாயில் விஷக்கல் வைப்பார்கள். கல் ஒட்டிக்கொண்டால் விஷத்தை உறிஞ்சுகிறது என்றும், விழுந்தால் விஷம் இறங்கிவிட்டது என்றும் கணக்கு. பிழைத்தவர் பாம்புத் தெய்வமான புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்கோ புளியங்குளத்துக்குக் கிட்ட இருக்கும் புதூர் நாகதம்பிரானுக்கோ நேர்த்தி வைத்துப் பொங்குவார்.

அப்படிப் பிழைத்தவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்மையிலேயே இருக்கிறார்கள். எப்படி?

2016 இல் வெளியான நாடளாவிய ஆய்வொன்று இலங்கையில் ஓர் ஆண்டில் நடக்கும் பாம்புக்கடிகளை ஏறத்தாழ 80,000 என்று மதிப்பிட்டது. அவற்றில் விஷம் உடலில் ஏறியவை 30,000 அளவில். இறப்பு 400 இற்கு மேல். அதாவது கடிபட்டவர்களில் பாதிக்கும் அதிகமானோருக்கு விஷமே ஏறவில்லை. கடித்தது சாரையாகவோ தண்ணீர்ப் பாம்பாகவோ இருக்கலாம். நாகமே கடித்தாலும் விஷத்தை இறக்காமல் பல்லை மட்டும் பதித்துவிட்டுப் போவதுண்டு. இவர்களுக்கு வேப்பிலை தடவினாலும் சுகம், ஒன்றுமே செய்யாவிட்டாலும் சுகம். பரியாரியார் பொய் சொல்லவில்லை. அவர் கண்முன்னே ஆட்கள் எழும்பி நடந்து போனார்கள். அவரும் மந்திரம் வேலை செய்தது என்று மனதார நம்பினார். விஷம் ஏறியவர்களில் சிலர் மெல்ல மெல்லச் சாகும்போது, "விதி முடிஞ்சுது", "தூதுக்குறி அப்பவே சரியில்லை" என்ற விளக்கம் தயாராக இருந்தது. பலித்தால் மந்திரம், பலிக்காவிட்டால் விதி என்று இருந்தால் அந்த வைத்தியம் ஒருநாளும் தோற்காது. என் கருத்தில் இந்த முறையின் பெரிய குறை இதுதான்.

(காட்சி: மேசையில் ஒரு கண்ணாடிக் குழாய், சுவர்க் கடிகாரம்.)

இப்போது அடுத்த பக்கத்துக் குற்றச்சாட்டு: "ஆசுபத்திரியில ஒண்டும் செய்யேல்லை. கட்டில்ல கிடத்தி வைச்சுப் பார்த்துக்கொண்டு இருந்தவை." பார்க்கிறவருக்கு அது உண்மையாகத்தான் தெரியும். ஆனால் அந்தப் பார்த்துக்கொண்டிருப்பதும் வைத்தியம்தான். கொஞ்சம் குருதி எடுத்து, சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைக்கிறார்கள். பிறகு சரித்துப் பார்ப்பார்கள். உறைந்திருந்தால் நல்லது. தண்ணீர் மாதிரி ஓடினால் கண்ணாடிப் புடையன் போன்ற பாம்பின் விஷம் வேலை செய்கிறது என்று அர்த்தம். விஷம் தாமதமாகவும் முகம் காட்டும் என்பதால்தான் இந்தச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள், ஆளை ஒருநாள் வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் வந்த உடனேயே விஷமுறிவு மருந்தை ஏற்றிவிடலாமே? அந்த மருந்து இந்தியாவில், குதிரையின் குருதியிலிருந்து எடுக்கப்படுகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிப் புடையன், சுருட்டை ஆகிய நான்குக்கும் எதிரானது. பிற உயிரின் புரதம் உடலில் ஏறும்போது நடுக்கம், தடிப்பு, மூச்சுமுட்டல், குருதியழுத்தம் விழுதல் எல்லாம் வரலாம். இலங்கையில் இது அடிக்கடி வருகிறது. "ஊசி போட்டவுடன ஆளுக்குக் கூடிப்போச்சு" என்று ஊரில் சொல்வது கட்டுக்கதை அல்ல. அதைச் சமாளிக்க அட்ரினலின் மருந்து பக்கத்தில் இருக்கும். விஷம் ஏறாத ஒருவருக்கு இந்த ஆபத்தைக் கொடுக்கக்கூடாது என்பதற்காகவே மருத்துவர் காத்திருக்கிறார். இந்த மருந்துக்கு எல்லையும் உண்டு. இலங்கையில் மூக்கு நிமிர்ந்த சிறிய புடையன் இனம் ஒன்று கடித்தால் இது உதவாது. ஒரு தாதி இரண்டு நிமிடம் எடுத்து வீட்டாருக்கு இதையெல்லாம் தமிழில் சொன்னால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும். சொல்லாமல் விடுவது ஆசுபத்திரியின் பிழை.

(காட்சி: இரவு, மண்தரை வீடு, பாய்.)

எனக்கு மிகவும் பயமான பாம்பு கட்டுவிரியன். இரவில் வீட்டுக்குள் வரும், தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலிக்காது. வீக்கம் இல்லை. கடிவாய்கூடச் சரியாகத் தெரியாது. விடியும்போது வயிற்றுக்குத்து, சத்தி. "இரவுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளேல்லை", "பேய் அடிச்சிட்டுது" என்று நூல் கட்டக் கூட்டிக்கொண்டு போவார்கள். அதற்குள் இமை தூக்க முடியாமல் போகும். பேச்சு குழறும். விழுங்க முடியாது. கடைசியில் மூச்சு விடும் தசைகளும் நின்றுவிடும். இந்த நிலையில் ஓதிய தண்ணீரையோ கசாயத்தையோ வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போகும். சுவாச இயந்திரம் ஒன்றுதான் அவரைக் காப்பாற்றும், சிலவேளை பல நாட்களுக்கு.

இயந்திரத்தில் கிடக்கிறவரைப் பார்த்தால் செத்தவர் போலத் தெரியும். கண் திறக்காது, கை அசையாது. ஆனால் பெரும்பாலும் அவருக்கு நினைவு இருக்கும். பக்கத்தில் பேசுவது காதில் விழும். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் தாய் நாகதம்பிரானை வேண்டுவதையோ தேவாரம் சொல்வதையோ நான் வீண் என்று சொல்லமாட்டேன். பயத்துக்கு அதுதான் மருந்து. பயத்தோடு ஓடித் திரிவதைவிட அமைதியாகக் கிடப்பது கடிபட்டவருக்கு நல்லதும்கூட. அம்மாள் வருத்தத்திலும் இப்படித்தான்: கொப்பளிப்பான் (சின்னம்மை) வந்த வீட்டு வாசலில் வேப்பிலை கட்டி, ஆட்கள் வரவைத் தடுத்து, வற்றாப்பளை அம்மனை வேண்டி, குளிர்ச்சியாகச் சாப்பாடு கொடுப்பதில் தொற்றைத் தடுக்கும் அறிவு இருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது தானாக மாறும் வருத்தம். கர்ப்பிணிக்கும் பச்சைக்குழந்தைக்கும் அப்படி அல்ல. அவர்களை மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும்.

ஆனால் கடிவாயைக் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் இப்படித் தீங்கில்லாதவை அல்ல. புடையன் கடித்தவரின் குருதி உறையாது. கீறினால் நிற்காமல் ஓடும். விஷக்கடி மூலிகைகளில் ஒன்று ஈசுரமூலி. அதில் இருக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும் என்பது உறுதியாகிவிட்ட விஷயம். புடையன் விஷமும் சிறுநீரகத்தையே தாக்குகிறது. சிறுநீரக நோய் ஏற்கெனவே பல வீடுகளைப் பிடித்திருக்கும் வவுனியாப் பக்கத்தில் இதை யாருக்கும் கொடுக்கக்கூடாது.

பரியாரிமாரை ஒதுக்கவேண்டாம் என்றே நான் சொல்வேன். இரவில் சனம் முதலில் தட்டுவது அவர்களுடைய கதவை. அவர்கள் விபூதி போட்டுவிட்டு அதே கையால் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தை அழைக்கட்டும். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வரும்வரை கடிபட்ட காலைத் தடி வைத்துச் சீலையால் இறுக்காமல், அசையாதபடி கட்டி, ஆளை நடக்கவிடாமல், மோதிரம், கொலுசைக் கழற்றி வைக்கலாம். பாம்பை அடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை. தூர நின்று போனில் ஒரு படம் போதும். பார்வை பார்ப்பதும் பொங்கலும் ஆள் வீடு வந்த பிறகு நடக்கட்டும். நாகதம்பிரான் பிந்தினதற்குக் கோபிக்கமாட்டார்.

மலேரியாக் காலத்தில் வாங்கிய நுளம்பு வலை வீட்டில் இருந்தால் அதை எறியாதீர்கள். 2016 இல் இலங்கை மலேரியா இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டுவிட்டது; ஆனால் கட்டுவிரியன் போகவில்லை. வலையின் ஓரத்தை நாலு பக்கமும் பாயின் கீழே செருகிவிட்டுப் படுத்தால் பாம்பு உள்ளே வராது. காலபோக மழை தொடங்குமுன் ஓட்டைகளைத் தைத்து வையுங்கள்.