மாங்கூழ் ஆலையும் எம்பிஏ மதிப்பெண்ணும்

நேயர்களுக்கு வணக்கம். எம்பிஏ நிதி மேலாண்மைத் தாளில் ஒரு மாணவி 72 வாங்கியிருக்கிறார். ஒரு தொழிலுக்கு எவ்வளவு நடைமுறை மூலதனம், அதாவது அன்றாடம் தொழிலை ஓட்டக் கையில் வேண்டிய பணம், தேவை என்று அவரால் கணக்குப் போட முடியுமா? அந்த 72ஐ வைத்துச் சொல்ல முடியாது. விளக்க வினாக்களை உருப்போட்டும் அவ்வளவு வாங்கிவிடலாம்.

அதனால் திறனை நேராகச் சோதிக்க வேண்டும். நம் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையையே எடுத்துக்கொள்ளலாம். சீசனில் சில மாதங்களுக்குள் பழத்துக்குப் பணம் கட்டியாக வேண்டும். கூழ் விற்ற பணமோ வருஷம் முழுக்கச் சிறுகச் சிறுகத்தான் வரும். மாதவாரிக் கொள்முதல், டின் செலவு, கூலி, வரவு எல்லாம் கொடுத்துவிட்டு, 'வங்கியில் எவ்வளவு கேட்பீர்கள், எந்த மாதம் வரைக்கும்?' என்று கேளுங்கள். 90 நிமிடம், தனித்தனியாக. குழுவாக விட்டால் ஒருவர் எக்செல் போடுவார், நான்கு பேர் பெயர் போடுவார்கள்.

திருத்த நான்கு வரிசையில் ஒரு ரூப்ரிக், அதாவது எதற்கு எத்தனை மதிப்பெண் என்று வரையறுக்கும் அட்டவணை: கணக்கு, அனுமானங்கள், விலை சரிந்தால் என்ன ஆகும் என்ற இடர், வங்கி மேலாளருக்கு ஒரு பக்கக் குறிப்பு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை. 'நன்று', 'மிக நன்று' என்று எழுதினால் ஆளுக்கொரு அர்த்தம் எடுப்பார்கள். அனுமானம் எழுதி, காரணம் எழுதாவிட்டால் 2. காரணமும் இருந்தால் 3 என்று வரையறுங்கள். இரண்டு ஆசிரியர்கள் முதலில் ஒரே ஐந்து தாள்களைத் திருத்தி ஒப்பிட்டுவிட்டு, பிறகு தனித்தனியே தொடங்கலாம். பாடம் நடத்தியவர் மட்டும் திருத்தினால், மாணவர் எழுதாததையும் சேர்த்துப் படித்துவிடுவார்!

காரியம் கெடுவது பெரும்பாலும் இதற்குப் பிறகுதான். நான்கையும் கூட்டி 16க்கு 11 என்று போட்டு முடித்துவிடுகிறார்கள். கூட்டாதீர்கள். வரிசைவாரியாக, 3க்குக் குறையாமல் வாங்கியவர்களை எண்ணுங்கள். 60 பேர் வகுப்பில் இலக்கு 70 சதவீதம் என்றால் 42 பேர் தேறவேண்டும். இந்த இலக்கைத் தேர்வுக்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். கணக்கில் 51 பேர், இடரில் 22 பேர் என்று வந்தால், சூத்திரம் படிந்திருக்கிறது, யோசனை படியவில்லை. கூட்டுத்தொகையில் இது தெரியாது. 'கற்றுக்கொண்டீர்களா' என்று மாணவரிடம் வாங்கும் படிவத்திலும் தெரியாது. அது துணைச் சான்று மட்டுமே.

பாடத்தில் மாற்ற வேண்டியது இடர்ப் பகுதி ஒன்றுதான். பயிற்சிக் கணக்குகளில் 'விலை பாதியானால்?' என்ற கேள்வியைச் சேருங்கள். அடுத்த ஆண்டு அதே ரூப்ரிக்கால் அளந்து பாருங்கள். ஆனால் ஆலையை மட்டும் மாற்றி, பாலக்கோடு தக்காளியையோ ஓசூர் உதிரிபாகப் பட்டறையையோ கொடுங்கள். மாங்கூழ்க் கேள்வி அதற்குள் விடையோடு விடுதி அறைகளில் சுற்றிக்கொண்டிருக்கும்.