கார்பன் ஃபைபரை எக்ஸ்-ரேயில் பார்க்கும்போது

நேயர்களுக்கு வணக்கம். விமானப் பாகங்களில் பயன்படும் கார்பன் ஃபைபர் கூட்டுப்பொருளை டிஜிட்டல் எக்ஸ்-ரேயில் சோதிப்பதைப் பற்றிச் சில விஷயங்கள் சொல்கிறேன்.

உருக்கு வெல்டைப் படமெடுத்துப் பழகியவர்களுக்குக் கை தானாகவே வோல்டேஜைக் கூட்டும். இங்கே அது உதவாது. கார்பனும் அதைப் பிணைக்கும் ரெசினும் எடை குறைந்த அணுக்களால் ஆனவை. 150 கிலோவோல்ட் வைத்தால் கதிர் அப்படியே ஊடுருவிப் போய்விடும், குறையும் நல்ல இடமும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். சில மில்லிமீட்டர் தகட்டுக்கு 20 முதல் 50 கிலோவோல்ட் போதும். எக்ஸ்-ரே குழாயின் சன்னல், அதாவது கதிர் வெளிவரும் இடம், பெரிலியமாக இருப்பது நல்லது. கனமான கண்ணாடியோ அலுமினியமோ குறுக்கே இருந்தால், நமக்கு வேண்டிய மென்கதிர் அங்கேயே தங்கிவிடும்.

வோல்டேஜ் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாக வரும். 16 பிரேம் எடுத்துச் சராசரி செய்தால் அந்த இரைச்சல் நாலில் ஒரு பங்காகும். அதற்கு முன்பே, கதிர் இல்லாமலும், பொருள் வைக்காமல் கதிர் மட்டும் விட்டும் படமெடுத்து, கதிரைப் படமாக்கும் டிடெக்டரைத் திருத்திக்கொள்ள வேண்டும். வேலை செய்யும் அதே கிலோவோல்ட்டில் திருத்தாவிட்டால் டிடெக்டரின் சொந்தக் கோடுகள் விரிசல் வேஷம் போடும்.

அடுக்குப் பிரிவு, அதாவது டிலாமினேஷன், எக்ஸ்-ரேக்குப் பிடிபடாத குறை. இரண்டு அடுக்குகள் விலகியிருந்தாலும் கதிர் கடக்கும் மொத்தப் பொருள் அதேதான். டிடெக்டர் என்ன விலையானாலும் வித்தியாசம் தெரியாது. அதற்கு அல்ட்ராசோனிக், அதாவது மீயொலிச் சோதனைதான் சரி. பிளவு வெளிப்பக்கம் திறந்திருந்தால் துத்தநாக அயோடைடு கரைசலை ஊறவிட்டுப் படமெடுக்கலாம். ஆனால் கரைசல் உள்ளேயே தங்கிவிடும். திரும்பப் பறக்கப்போகும் பாகத்தில் அந்த விளையாட்டு வேண்டாம்.

தேனடைப் பலகை, அதாவது இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே தேன்கூடு போன்ற அறைகள் கொண்ட பலகை, எக்ஸ்-ரேயின் சொந்த நிலம். நசுங்கிய அறை, அறைச் சுவர்களுக்கிடையே பிரிந்த இணைப்பு, உள்ளே இறங்கிய தண்ணீர் எல்லாமே தெரியும். படத்தின் ஓரத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: அங்கே கதிர் சாய்வாக விழுவதால் நேரான சுவரும் அகலமாக, மடங்கியதுபோலத் தெரியும். குழாயைத் தள்ளி வையுங்கள், அல்லது நடுப்பகுதியை மட்டும் நம்பிப் பலகையை நகர்த்தி நகர்த்தி எடுங்கள்.

தண்ணீரும் அதிகமாக வழிந்த பசையும் படத்தில் ஒன்றுபோலவே இருக்கும். பலகையை நிமிர்த்தி ஒரு படம், தலைகீழாகத் திருப்பி ஒரு படம் எடுத்தால் தண்ணீர் இடம் மாறும், பசை மாறாது. அறை முழுக்க நிரம்பியிருந்தாலோ, உறைந்திருந்தாலோ தண்ணீரும் அசையாது. உறைந்ததை அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்து மறுபடி எடுக்கலாம். நிரம்பியதற்குப் பக்கத்தில் பாதி நிரம்பிய அறை ஏதும் உண்டா என்று தேடுங்கள்.