90 ரூபா காபி, புதுமைப்பித்தன், அப்புறம் என் கோவம்

வணக்கம் மக்களே. ட்ரைபாட் இன்னும் சரி பண்ணல, புக்கா அடுக்கி அது மேல போனை நிறுத்தியிருக்கேன், ஆடுச்சுன்னா கண்டுக்காதீங்க. நேத்து ஏற்காடு போயிட்டு வந்தேன். பழைய வீடியோ பாத்தவங்களுக்குத் தெரியும், மலை ஏறுனா நான் லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் பக்கமெல்லாம் போறதே இல்ல, எனக்கு ஒரு புக்கு, ஒரு காபி, போதும். நேத்து அந்த காபியிலதான் பிரச்சனையே.

ஒண்டிக்கடைங்கற இடம் தாண்டி ஒரு கடை, பேரு சொல்லல. வாசல்ல பெரிய போர்டு, 'சுத்தமான எஸ்டேட் காபி, கலப்படம் இல்லை'ன்னு. ஒரு டம்ளர் 90 ரூபா. தொண்ணூறுங்க! 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் கொண்டாந்து நட்டதுல இருந்து இருநூறு வருஷமா காபி விளையற மலை, கடைக்குப் பின்னாடியே சில்வர் ஓக்கும் மிளகு கொடியுமா தோட்டம் தெரியுது, லாரி வாடகை கூட ஆகாது, அப்புறம் எதுக்கு 90? சரி, சுத்தமானதுன்னு போட்டிருக்காங்களேன்னு வாங்கிட்டேன். ஒரு வாய் குடிச்சதும் தெரிஞ்சுபோச்சு. சிக்கரி. அதுவும் தாராளமா.

சிக்கரி மேல எனக்கு எந்த விரோதமும் இல்ல, எங்கம்மா வீட்டுல 80க்கு 20 கலந்துதான் போடுவாங்க, எனக்குப் பிடிக்கும். பாக்கெட் மேல எத்தனை சதவீதம்னு அச்சடிச்சுட்டா வித்துக்கலாம், சட்டமே அப்படித்தான், காபி குறைஞ்சது 51 சதவீதம் இருக்கணும், அவ்ளோதான். கலந்துட்டு கலக்கலன்னு போர்டு வெக்கறதுதான் எனக்கு ஆகல. அங்கயே 250 கிராம் பொடியும் வாங்கிட்டு வந்தேன், சந்தேகத்துக்கு. ராத்திரி ஒரு கண்ணாடி டம்ளர்ல பச்சத்தண்ணி ஊத்தி ஒரு ஸ்பூன் மேல தூவுனேன். காபித்தூள் கொஞ்ச நேரம் மேலயே மிதக்கும், சிக்கரி இருந்தா உடனே பழுப்பு கோடு கோடா கீழ இறங்கும். எறங்குச்சு பாருங்க, அப்படியே மழைத்தண்ணி கண்ணாடியில வழியற மாதிரி! எங்கம்மாவ எழுப்பி காட்டுனேன். மணி பதினொன்னு.

இதுல என்ன விசேஷம்னா, நான் கையில வெச்சிருந்த புக்கு புதுமைப்பித்தன் கதைகள். ஆங், அதை சொல்லவே இல்லையே, போன வாரம் டவுன்ல ஒரு பழைய புத்தகக் கடையில வாங்குனது, 200 சொன்னார், 150க்கு முடிச்சேன், அட்டை மட்டும் கொஞ்சம் கிழிசல். அதுல 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' எடுத்து வெச்சு படிச்சிட்டிருக்கேன், 1943ல வந்த கதை. கடவுள் மெட்ராஸ்ல வந்து இறங்கி, பிராட்வே முனையில டிராமா பஸ்ஸான்னு காசுக் கணக்கு போட்டு நிக்கற கந்தசாமிப் பிள்ளைகிட்ட திருவல்லிக்கேணிக்கு வழி கேக்கறாரு, ரெண்டு பேரும் காபி குடிக்க ஓட்டலுக்குப் போறாங்க. காபி வாயில பட்டதும் கடவுள் சொக்கிப் போயி இது என்னோட லீலைங்கறாரு. பிள்ளை உடனே, உம்ம லீலை இல்ல, ஓட்டல்காரன் லீலை, சிக்கரி போட்டிருக்கான், உம்ம லீலையெல்லாம் பில்லு குடுக்கறப்ப காட்டும்ங்கற மாதிரி சொல்றாரு. நான் 90 ரூபா டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டு இந்த இடத்தைப் படிக்கறேன். அந்தப் பக்கத்து ஓரத்துல இதுக்கு முன்னாடி புக்கை வெச்சிருந்தவங்க யாரோ பென்சில்ல 'இன்னிக்கும்தான்'னு எழுதி வெச்சிருக்காங்க. உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சுங்க.

கூட வந்த ஃப்ரெண்டுகிட்ட சந்தோஷமா காட்டுனேன். அவன் ஒரு பார்வை பாத்துட்டு 'ஓ, அந்த காலத்து மீம்ஸா'ன்னுட்டான். அங்க ஆரம்பிச்ச எரிச்சல், இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அடிவாரம் வந்து, கோரிமேடு வந்தும் அடங்கல. அதுக்குத்தான் இந்த வீடியோவே.

மீம்ஸ் இல்லைங்க அது. ஓட்டல்காரன்ல ஆரம்பிக்குதே தவிர அவனோட நிக்கல அந்தக் கதை. பத்திரிகை நடத்தற பிள்ளை கடவுள்கிட்டயே ஜீவிய சந்தா, அதான் ஆயுள் சந்தா, கேக்கறாரு. கடவுள் ஆட்டம் ஆடிக் காட்டுனா கலையைப் பத்தி பேசறவங்களுக்கே அது பிடிக்க மாட்டேங்குது. கடைசியில கடவுள், உங்க கூடயெல்லாம் எட்ட நின்னு வரம் குடுக்கலாம், ஒன்னா இருந்து வாழ முடியாதுன்னு கிளம்பறாரு, உங்க வர்க்கமே அதுக்குத்தான் லாயக்குன்னு பிள்ளை திருப்பி அடிக்கறாரு. ஓட்டல், பத்திரிகை, பக்தி, ரசனை, கடவுள், எல்லாருக்கும் விழுது. படிக்கற நமக்கும்தான், ஏன்னா காசுக் கணக்கு போட்டு நிக்கற அந்த பிள்ளை நாமதானே.

நம்மாளுங்களுக்கு இது புதுசும் இல்ல. தொல்காப்பியத்துலயே இந்த நையாண்டிக்கு அங்கதம்னு ஒரு வகை இருக்கு, நேரா வையறது செம்பொருள் அங்கதம், பழியை மறைச்சு வெச்சு சொல்றது பழிகரப்பு அங்கதம். அந்த மறைச்சு சொல்றதுக்கு எனக்கு ரொம்பப் பிடிச்சது நம்ம பக்கத்து வீட்டு விஷயம், தகடூர், இன்னைக்கு தருமபுரி, 1965 வரைக்கும் சேலம் ஜில்லாவுல இருந்த ஊருதானே. அந்தத் தகடூர் ராஜா அதியமானுக்காக ஔவையார் எதிரி ராஜா தொண்டைமான்கிட்ட தூது போறாங்க. அவன் ஆயுதசாலையைக் காட்டறான். ஆஹா, உன் வேலெல்லாம் மயில் பீலி கட்டி, மாலை போட்டு, நெய் பூசி, காவலோட அழகா இருக்கு, எங்காளு வேலெல்லாம் எதிரியைக் குத்திக் குத்தி நுனி முறிஞ்சு கொல்லன் பட்டறையிலதான் எப்பவும் கிடக்குங்கறாங்க. புறநானூறு 95. பாராட்டுற மாதிரியே இருக்கு, ஆனா நீ சண்டையே பாக்காதவன்னு அவன் அரண்மனைக்குள்ளயே நின்னு சொல்லியாச்சு. காளமேகம் நாகப்பட்டினம் காத்தான் சத்திரத்துல பசியோட உக்காந்து பாடுனதும் இருக்கு, பொழுது சாயறப்பதான் அரிசியே வரும், இலையில ஒரு அகப்பை சோறு விழறப்ப விடிவெள்ளி முளைச்சிரும்னு, அதை இன்னொரு நாள் பேசறேன், அதுக்கே தனி வீடியோ வேணும்.

ஆனா என்னைத் தூங்கவிடாம பண்ணது ஸ்விஃப்ட்தான். கலிவர் கதை எழுதுனவரு. 1729ல அயர்லாந்துல ஜனங்க பட்டினி, நிலமெல்லாம் இங்கிலாந்துல உக்காந்து வாடகை வாங்கறவங்க கையில. அவரு பேரு போடாம ஒரு சின்ன புத்தகம் விடறாரு. ஏழைங்க குழந்தை ஒன்னேகால் லட்சம், இல்ல இருங்க தப்பா சொல்லிட்டேன், ஒரு லட்சத்து இருபதாயிரம், அதுல இருபதாயிரத்தை வளக்க வெச்சுக்கிட்டு மிச்சம் லட்சத்தை ஒரு வயசானதும் பணக்காரங்க சாப்பாட்டுக்கு வித்துடலாம்னு, பொருளாதார அறிக்கை மாதிரி நிதானமா கணக்கு போட்டு எழுதறாரு. அப்பன் ஆத்தாளை ஏற்கெனவே தின்னுட்ட நிலக்காரங்களுக்குத்தான் புள்ளைங்க மேல முதல் உரிமைன்னு ஒரு வரி. படிச்சா குமட்டும். குமட்டணும்னுதான் எழுதுனாரு. ஜனங்களை வெறும் எண்ணா பாத்து அறிக்கை எழுதறவங்க பேசற அதே பாஷையில பேசி, அதோட கடைசி இடம் எதுன்னு கொண்டுபோய் காட்டிடறாரு. இதுல ரொம்பப் பேரு கவனிக்காதது ஒன்னு இருக்கு, முடியற இடத்துல, வேற வழி எதையும் என்கிட்ட பேசாதீங்கன்னு ஒரு பட்டியல் போடறாரு, வெளியூர்ல இருக்கற நிலக்காரங்களுக்கு வரி போடறது, உள்ளூர்ல செஞ்ச பொருளை மட்டும் வாங்கறதுன்னு. அதுதான் அவரோட நிஜமான யோசனை! கோவத்துக்கு அடியில அவ்ளோ அக்கறை இருக்கு. அந்த அக்கறை இல்லாம ஒருத்தன் கலரையும் ஊர்ப் பேச்சையும் வெச்சு சிரிக்கற வீடியோவெல்லாம் எனக்கு அறவே பிடிக்காது, அதை நையாண்டின்னு சொல்றதைக் கேட்டா இன்னும் எரியுது.

அப்புறம் ஒன்னு சொல்ல மறந்துட்டேன். அந்தக் கடையில காபி கொண்டாந்து வெச்ச பையன் வடக்க இருந்து வந்தவன், பதினெட்டு பத்தொன்பது வயசு இருக்கும், 'சுத்தமான காபி சார்'னு மனப்பாடமா சொன்னான், தமிழ் அவனுக்கு இன்னும் சரியா வாயில வரல. நான் கேமரா ஆன்ல வெச்சிருந்தேன். எடிட் பண்றப்ப ஃப்ரெண்டு சொல்றான், 'இதைப் போட்டு சிக்கரி டெஸ்ட்டை அடுத்து கட் பண்ணு, வ்யூஸ் அள்ளும்'னு. அள்ளும், எனக்கும் தெரியும். அந்தப் பையன் போர்டு எழுதல, 90 ரூபாயும் அவன் பாக்கெட்டுக்குப் போகல.

அந்த 12 செகண்டை டிலீட் பண்ணிட்டேன். போர்டு மட்டும் வரும், கடைப் பேரை மறைச்சு. டம்ளர் டெஸ்ட் முழுசா இருக்கு, கட்டே பண்ணல, மூணு நிமிஷம் ஓடும், பாருங்க.