லக்ராஸ்: சொந்தக்காரர்களுக்கு இடமில்லாத ஆட்டம்

நேயர்களுக்கு வணக்கம்.

2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் லக்ராஸ் ஆடப்போகிறார்கள். நுனியில் வலை கட்டிய நீளமான மட்டையால் பந்தைப் பிடித்து, ஓடி, எறிந்து கோல் போடும் ஆட்டம் அது. வட அமெரிக்காவின் ஹோடெனோசோனி மக்களுக்கு, அதாவது நாம் இரோகுவாய் என்று படித்த ஆறு இனங்களின் கூட்டமைப்புக்கு, இது படைத்தவன் கொடுத்த ஆட்டம். நோயில் படுத்தவர் எழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஆடுவார்கள். மட்டைக்கு ஹிக்கரி மரத்தைப் பிளந்து, ஆவி காட்டி வளைத்து, மாதக்கணக்கில் உலரவிட்டுச் செதுக்குவார்கள். ஆண் குழந்தைக்குத் தொட்டிலிலேயே ஒரு குட்டி மட்டை உண்டு. இறந்தவரோடு அவருடைய மட்டையையும் புதைப்பதுண்டு.

மான்ட்ரியாலைச் சேர்ந்த ஜார்ஜ் பியர்ஸ் என்ற பல் மருத்துவர் 1860-களில் இதற்கு விதிகள் எழுதினார். நூற்றுக்கணக்கானோர் திரண்டு ஆடியது, அணிக்கு 12 பேர், அளந்த மைதானம், ரப்பர் பந்து என்று சுருங்கியது. சரி, எந்த ஆட்டமும் காலத்தோடு மாறும். அதன்பிறகு நடந்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 1876-இல் அந்த ஆறு இனங்களில் ஒன்றான மோஹாக் வீரர்களை இங்கிலாந்துக்கு அழைத்துப்போய் விக்டோரியா ராணி முன்னால் ஆடவைத்தார்கள். நான்கே ஆண்டுகளில், 1880-இல், கனடாவின் லக்ராஸ் சங்கம் காசு வாங்காமல் ஆடுபவர்களுக்கு மட்டுமே இடம் என்றது. பழங்குடி வீரர்கள் பயணச் செலவுக்குப் பணம் வாங்கித்தான் ஆடவந்தார்கள். நிலத்தைப் பறிகொடுத்தவர்கள் வேறு எப்படி ரயில் ஏறுவார்கள்? 'தொழில்முறை ஆட்டக்காரர்கள்' என்று சொல்லி அவர்களை வெளியே நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் அவர்கள் ஆட்டத்தை விடவில்லை. 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் மோஹாக் அணி ஒன்று வெண்கலம் வென்றது. 1983-இல் தங்களுக்கென்று தனி அணி அமைத்தார்கள்; 1990 முதல் உலகக் கோப்பையில் தனிக் கொடியோடு ஆடுகிறார்கள். 2010-இல் மான்செஸ்டரில் போட்டி. ஹோடெனோசோனி கூட்டமைப்பு தானே கொடுக்கும் பாஸ்போர்ட்டை ஏற்க மாட்டோம் என்றது பிரிட்டன். அமெரிக்க, கனடா பாஸ்போர்ட்டில் போயிருக்கலாம்தான். 'நாங்கள் ஒரு தேசம், எங்கள் பாஸ்போர்ட்டில்தான் வருவோம்' என்று உறுதியாக நின்று, ஆடாமலே ஊர் திரும்பினார்கள். அந்த முடிவின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

அப்புறம் 2014, 2018, 2023 என்று அடுத்தடுத்த மூன்று உலகக் கோப்பைகளில் வெண்கலம். இருந்தும் ஒலிம்பிக்குக்கு அணி அனுப்ப வேண்டுமென்றால் தேசிய ஒலிம்பிக் கமிட்டி வேண்டும். அது அவர்களுக்கு இல்லை. இந்த ஓர் ஆட்டத்துக்காவது அந்த விதியைத் தளர்த்துங்கள் என்று கேட்கிறார்கள். தளர்த்தத்தான் வேண்டும்.

நன்றி, வணக்கம்.