தேர்வறைக்கு வெளியே எதைப் பேசலாம்?

நேயர்களுக்கு வணக்கம். தேர்வு முடிந்து வெளியே வந்ததும் வினாத்தாளை விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்வியாகப் பேசிப் பார்த்துப் பழகியவர்கள் நாம். பள்ளிப் பொதுத்தேர்வின் வினாக்கள் நாளிதழ்களில் வருகின்றன. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் உத்தேச விடைகளைத் தானே வெளியிடுகிறது. அதே பழக்கத்தில், சிஸ்கோ, மைக்ரோசாஃப்ட் போன்ற கணினித் தொழில்நுட்ப நிறுவனங்களின் சான்றிதழ்த் தேர்வை எழுதிவிட்டு வரும் இளைஞர்கள் பலர், தங்களுக்கு வந்த வினாக்களை நண்பர்களுக்குச் சொல்லிவிடுகிறார்கள். சற்று முன்புதான் தாங்கள் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தத்தை அது மீறுவதாகும் என்பது அவர்கள் நினைவில் இருப்பதில்லை.

அந்த ஒப்பந்தம் முதல் வினாவுக்கு முன்பே கணினித் திரையில் வந்துவிடுகிறது. கைப்பேசி, கைக்கடிகாரம், பணப்பை எல்லாவற்றையும் வெளியே பூட்டி வைத்துவிட்டு, குறித்துப் பார்ப்பதற்காகத் தரப்படும் அழித்தெழுதும் பலகையோடு அமரும் தேர்வர், பதற்றத்தில் ஒரு வரியும் படிக்காமல் ‘ஏற்கிறேன்’ என்பதை அழுத்திவிடுகிறார். அந்தப் பலகையைக்கூட வெளியே கொண்டுவர முடியாது. வினாவையோ, விடைத் தெரிவுகளையோ, செய்முறைத் தேர்வில் தரப்படும் வலையமைப்பு வரைபடத்தையோ எழுத்தாலும் வாய்ச்சொல்லாலும் எவருக்கும் வெளிப்படுத்த மாட்டேன் என்பதே அந்த ஒப்பந்தத்தின் சாரம். ஏற்க மறுப்பவருக்குத் தேர்வு தொடங்காது.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? பொதுத்தேர்வை எல்லோரும் ஒரே நாளில் எழுதுகிறார்கள். மணி அடித்ததும் அந்த வினாத்தாளின் வேலை முடிந்துவிடுகிறது. சான்றிதழ்த் தேர்வோ ஆண்டு முழுவதும் அவரவர் பதிவு செய்த நாளில் நடக்கிறது. இன்று சென்னையில் ஒருவருக்கு வந்த வினா, அடுத்த வாரம் மதுரையிலோ மணிலாவிலோ இன்னொருவரின் திரையில் வரலாம். தகவல் பாதுகாப்புத் துறையினர் எழுதும் சிஐஎஸ்எஸ்பி தேர்வைப் பாருங்கள். மூன்று மணி நேரத்தில் 100 முதல் 150 வினாக்கள் வரை வரும். அவற்றுள் 25 வினாக்களுக்கு மதிப்பெண்ணே கிடையாது. அவை சோதனை வினாக்கள். எவை என்று தேர்வருக்குத் தெரியாது. எத்தனை பேர் சரியாக விடையளிக்கிறார்கள், நன்றாகப் படித்தவரையும் படிக்காதவரையும் அந்த வினா பிரித்துக் காட்டுகிறதா என்றெல்லாம் அளந்து பார்த்த பிறகே அதை மதிப்பெண்ணுக்குச் சேர்க்கிறார்கள். அப்படிப்பட்ட வினா முன்கூட்டியே கசிந்துவிட்டால், கடினமான வினா எளிதானதாகக் கணக்கில் ஏறி, அந்த அளவீடே பொய்யாகிவிடும்.

கசிந்த வினாக்களைத் தொகுத்து, ‘டம்ப்ஸ்’ என்ற பெயரில் விலைக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள். அதை மனப்பாடம் செய்து தேறியவர், நேர்முகத் தேர்வில் கணினி வலையமைப்பைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் எளிய சப்நெட் கணக்கு ஒன்றைப் போட முடியாமல் திணறும்போது, அவருக்கு அடுத்து உள்ளே வரும் நேர்மையான இளைஞரின் சான்றிதழையும் சேர்த்தே சந்தேகிக்கிறார்கள். இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. மீறியவர் பிடிபட்டால் சான்றிதழ் பறிக்கப்படலாம், மீண்டும் எழுதத் தடையும் விழலாம். ஆனால் எந்தத் தவறும் செய்யாதவர் இழக்கும் வேலைக்கு யார் பொறுப்பு?

அப்படியானால் தம்பி தங்கைகளுக்கு எதையும் சொல்லக்கூடாதா என்றால், தாராளமாகச் சொல்லலாம். பாடத்திட்டம் வெளிப்படையானது. வலையமைப்புத் துறைக்கான சிசிஎன்ஏ தேர்வில் ஐபி இணைப்பு என்ற பகுதிக்கு 25 விழுக்காடு என்று சிஸ்கோவே அறிவித்திருக்கிறது. “தரவு செல்லும் வழியைக் கண்டறியும் ஓஎஸ்பிஎஃப் முறை பாடத்திட்டத்தில் இருக்கிறது, நன்றாகப் படி” என்று சொல்லி, இரண்டு ரௌட்டர்களை இணைத்து உட்கார்ந்து கற்றுக்கொடுத்தாலும் தவறில்லை. “எனக்கு ஓஎஸ்பிஎஃப்-இல் இப்படி ஒரு கேள்வி வந்தது” என்பதுதான் கூடாது. எந்தப் புத்தகம் உதவியது, நேரம் போதுமானதாக இருந்ததா என்பவற்றைப் பேசத் தடையில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு வினாவே தவறானது என்று தேர்வருக்கு உறுதியாகத் தோன்றலாம். அதை நண்பர்களிடம் காட்டி நியாயம் கேட்பதும் மீறலாகத்தான் முடியும். தேர்வை நடத்தும் நிறுவனத்திடமே, எழுதிய நாளையும் தேர்வின் குறியீட்டையும் குறிப்பிட்டு, நினைவிருக்கும்போதே முறையிட வேண்டும். வினா அவர்களுடையது என்பதால், அவர்களிடம் அதைப் பற்றி எழுதுவது ஒப்பந்தத்தை மீறுவதாகாது. நன்றி, வணக்கம்.